மேதையப்பர்

மேதையப்பரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எப்போதும் குறைப்பட்டுக்கொண்டே இருப்பார். சாதாரணத் தகப்பன், "எங்க ஆள் செகண்ட் ரேங்க் சார்" என்று ஒரே வரியில் பெருமையை முடித்துக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். மேதையப்பர் லிஃப்டில் நம்மோடு ஏறுவார். கதவு மூடும்வரை பொறுப்பார். பிறகு ஒரு பெருமூச்சு.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல சார்."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். பாப்பாதான். பகா எண்ணெல்லாம் எங்க போய் முடியுதுன்னு பார்த்துட்டுத்தான் தூங்குவாளாம். முடியவே முடியாதும்மா, யூக்ளிடே சொல்லிட்டாருன்னேன். 'அவர் சொன்னா ஆச்சா? நீ எண்ணிப் பாத்தியா?'ங்கறா. எட்டு வயசுல இதெல்லாம் தேவையா, நீங்களே சொல்லுங்க."

நம் மாடி வந்துவிடும். நாம் இறங்கியதும் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமான்னு பாக்கறேன்" என்பார். எந்த டாக்டரிடமும் காட்டமாட்டார். நம்மிடம் காட்டியாயிற்று, அது போதும்.

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார். ஆனால் இந்த இனம் எங்கள் கட்டடத்தோடு முடிகிறதில்லை. என் சிறுவயதில் இவர்களுக்கு ஒரே குலதெய்வம்தான்: கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு ராமானுஜன். பையன் வாய்ப்பாட்டை வேகமாகச் சொன்னால், "நம்ம வீட்டு ராமானுஜன்" என்பார்கள். பையன் பேச்சே இல்லாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கும் அதே பட்டம்தான். 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனார், கோயிலில் இன்னொரு சன்னதி திறந்தது. 2018-ல் பிரக்ஞானந்தா 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன். அந்த வாரம் எங்கள் தெருவில் செஸ் பலகை வாங்காத வீடு கிடையாது.

எங்கள் மேதையப்பரும் வாங்கினார், மகளை வகுப்பிலும் சேர்த்தார். அவள் எதிரே உட்கார்ந்திருந்த பையனைக் கண்டுகொள்ளவே இல்லையாம். 64 கட்டத்திலும் ஒரு கட்டத்தைக்கூட இரண்டு முறை மிதிக்காமல் குதிரை சுற்றிவர முடியுமா என்று பார்க்க, தன் முறை வரும்போதெல்லாம் குதிரையை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தாளாம். அந்தப் பையன் ராணியை வெட்டினான், யானையை வெட்டினான், கடைசியில் அழுதுவிட்டான். "ஜெயிக்கணும்ங்கற எண்ணமே இவளுக்கு இல்ல சார்" என்று கோச் கைவிரித்துவிட்டார். இதை லிஃப்டில் மேதையப்பர் எனக்குச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோப்பையோடு வந்திருந்தால்கூட அவ்வளவு வெளிச்சம் இருந்திருக்காது.

இந்த மனிதருக்கு இரண்டு முகம். கூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. வேறு யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் மகளோடு பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதற்காக இவருடைய லிஃப்ட் பெருமூச்சுகள் எல்லாவற்றையும் மன்னிக்கலாம். காலையில் ஆவின் பூத்துக்கு இருவரும் போகும்போது பின்னால் நடந்து நான் கேட்டிருக்கிறேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் பால் எனக்கும் வேண்டுமே.

"அப்பா, ஒரு வண்டி நம்பர் சொல்லு."

"அதோ, அந்த ஸ்கூட்டர். 3524."

"பெரிசுலேர்ந்து சின்னதா அடுக்கு."

"5432."

"அதையே திருப்பிப் போட்டுக் கழி."

"2345 போனா... இரு, இந்தப் பையைப் பிடி... 3087."

"மறுபடி அடுக்கிக் கழி."

"8730. அதுல 378 போனா 8352."

"இன்னொரு தடவை."

"8532-ல 2358 போச்சு. 6174."

"இப்ப அதையும் அடுக்கிக் கழி பாப்போம்."

"7641, 1467... அட! மறுபடியும் 6174!"

"மாட்டிக்கிச்சா? இனிமே அது வெளிய வராது."

நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காப்ரேகர் 1949-ல் சொன்ன வேடிக்கை இது. நான்கு இலக்க எண் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். நடுவில் மூன்று இலக்கமாகச் சுருங்கினால் முன்னால் ஒரு சைபர் ஒட்டிக்கொள்ளலாம். அதிகம் போனால் ஏழாவது கழித்தலில் 6174 வந்து நிற்கும். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. இருந்தால் முதல் கழித்தலிலேயே சைபர். இதெல்லாம் மேதையப்பருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் அந்த "அட!" இருக்கிறதே, அதைச் சொல்லத் தனித் திறமை வேண்டும். புருவம் ஏறியது, நடை நின்றது, வாய் பிளந்தது.

மகள் அண்ணாந்து பார்த்தாள். "நடிக்காதப்பா. போன வாரம் நீதான சொல்லிக்குடுத்த?"

"அப்படியா? மறந்தே போச்சும்மா."

"பொய் சொன்னதுக்கு 2005 போடு. அதுக்குத்தான் ஏழு தடவையும் ஆகும்."

மனிதர் மறு பேச்சில்லாமல் தண்டனையை ஏற்றுக்கொண்டார். 5175, 5994, 5355 என்று முணுமுணுத்தபடியே வரிசையில் நகர்ந்து பூத் ஜன்னலுக்கு வந்தார்.

"எத்தனை பாக்கெட் சார்?"

"1998" என்றார் மேதையப்பர்.

இந்த மனிதரா வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்படி மாறிப்போகிறார் என்று ஆச்சரியமாக இருக்கும். காபி வருவதற்குள் அவருக்குக் கால் நிலைகொள்ளாது. "சும்மா இருடி, அங்கிளைத் தொந்தரவு பண்ணாத" என்பார். அவள் பாட்டுக்கு மூலையில் படம் வரைந்துகொண்டிருப்பாள். தொந்தரவைத் தொடங்கிவைக்கிற வாசகமே அதுதான். விருந்தாளி உடனே, "பாப்பா என்ன படிக்கிறா?" என்று கேட்டாக வேண்டும். "மூணாங்கிளாஸ்தான் சார். ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அரை மணி நேரம் நம்முடையது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். லேசில் மசியாத ஆள். பிறந்த தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்வாள் என்று மேதையப்பர் சொன்னதும், "எங்க, பாப்போம்" என்று நாற்காலியில் நிமிர்ந்தார். "1965 ஜூன் 1."

"செவ்வாய்க்கிழமை" என்றாள், பென்சிலைக் கீழே வைக்காமலே.

"தப்பு!" என்று தொடையில் தட்டினார் அவர். "நான் தை வெள்ளியில பொறந்தவன். எங்கம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க."

மேதையப்பர் முகம் கறுத்துப் போனது. போனில் காலண்டரைத் தேடினார். மகள் மட்டும் பதறவில்லை.

"தைன்னா ஜனவரி, பிப்ரவரி தான அங்கிள்? ஜூன்ல எப்படி தை வரும்?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "அது... ஸ்கூல்ல போட்ட தேதிம்மா" என்றார் அவர்.

அந்தத் தலைமுறையில் இது சர்வ சாதாரணம். வலது கை தலையைச் சுற்றிவந்து இடது காதைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து வயது நிறையும்படி ஒரு தேதியை ஹெட்மாஸ்டரே போட்டுக்கொள்வார். நம் ஊர்ப் பெரியவர்களில் இத்தனை பேர் சொல்லிவைத்தாற்போல் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிறந்திருக்கிறார்களே, அது ஹெட்மாஸ்டர்கள் செய்த பிரசவம்.

"அப்ப நிஜமா எந்த வருஷத்துத் தை?"

"66."

"எப்ப ரிட்டயர் ஆனீங்க அங்கிள்?"

"போன... 2025 மே 31. அறுபதுல."

பென்சில் இப்போதுதான் கீழே இறங்கியது. "நிஜத் தேதியைப் போட்டிருந்தா 2026 ஜனவரி கடைசி வரைக்கும் போயிருக்கலாம். குறைஞ்சது எட்டு மாசம் முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டீங்க."

காபி ஆறி ஏடு படிந்தது. "எட்டு மாசச் சம்பளம்... பஞ்சப்படியோட..." என்று அவர் உதடு அசைந்தது. ஹெட்மாஸ்டர் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை திட்டினார். குழந்தையைச் சோதிக்க வந்த மனிதர் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "பாவம், ஏம்மா அதைச் சொன்ன?" என்று மேதையப்பர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "அவர்தான தப்புன்னு சொன்னார்" என்றாள். நியாயம்தானே?

இந்த வீட்டில் மேதைமைக்கு மசியாத ஒரே ஆள் குழந்தையின் அம்மா. ஸ்கூல் பஸ் எத்தனை மணிக்கு, ஜாமெட்ரி பாக்ஸ் எந்தக் கட்டிலுக்கு அடியில், பேன் மருந்து எப்போது போட்டது என்கிற விவரங்களுக்கு அவர்தான் பொறுப்பு. யூக்ளிடால் இதில் எதற்கும் உதவியில்லை. ஒரு நாள் வடை தட்டிக்கொண்டிருந்தவரிடம் அப்பாவும் பெண்ணும் போய் நின்றார்கள்.

"அம்மா, வடையும் காபி கப்பும் ஒண்ணுதான், தெரியுமா?"

"ஓஹோ."

"ரெண்டுக்கும் ஒரே ஓட்டை. கப்புக்குக் கைப்பிடியில, வடைக்கு நடுவுல. களிமண்ணா இருந்தா பிய்க்காம, ஒட்டாம, அமுக்கி அமுக்கியே வடையைக் கப்பாக்கிடலாம்."

"டோபாலஜின்னு பேரு" என்று மேதையப்பர் பின்பாட்டுப் பாடினார்.

"அப்ப நம்ம வீட்டு டம்ளர்?"

"அதுக்குத்தான் கைப்பிடியே இல்லையே. ஓட்டை கிடையாது. அதனால டம்ளரும் இட்லியும் ஒண்ணு."

அம்மா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாயங்காலக் காபியை ரெண்டு பேருக்கும் இட்லியிலயே ஊத்திடறேன். டம்ளர் கழுவற வேலை மிச்சம்."

பள்ளிக்கூடத்துக்கும் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கும் ஆகிவருவதில்லை. விடை சரி, மதிப்பெண் பாதி. ஓரத்தில் சிவப்பு மையில், "ஸ்டெப்ஸ் எங்கே?" மேதையப்பர் ஆறுதல் சொல்லக் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். ராமானுஜனும் அப்படித்தான், சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார் என்றார்.

"காலேஜ்ல அவருக்கு என்ன மார்க்?"

எஃப்.ஏ. பரீட்சையில் ராமானுஜன் தேறவில்லை. மற்ற பாடங்கள் காலை வாரிவிட்டன. மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக 1912-ல் சேர்ந்தபோது மாதம் 30 ரூபாய். இதை எந்தத் தகப்பன் வாய்விட்டுச் சொல்வான்? "நீ ஸ்டெப்ஸ் எழுதிடும்மா" என்று தணிந்த குரலில் பேச்சை முடித்துவிட்டார். மறுநாள் நோட்டில், 12-ஐ 4-ஆல் பெருக்க இரண்டு பக்கம். ஸ்டெப் 1: பென்சிலைச் சீவினேன். ஸ்டெப் 2: குப்பையைக் கூடையில் போட்டேன்.

பால் வாங்கிவரும் வழியில் நடக்கும் விளையாட்டில் ஒரு வண்டியை மட்டும் அவள் சேர்த்துக்கொள்வதில்லை. எங்கள் அடுக்ககத்திலேயே, இரண்டாம் மாடிக்காரருடைய வெள்ளைக் கார். ஆர்.டி.ஓ. ஆபீசில் தனியாகப் பணம் கட்டி வாங்கிய ஃபேன்ஸி நம்பர், 9999. "அது வேணாம்ப்பா, அது சைபர்" என்று அவள் சொல்லிக்கொண்டே கடந்து போனபோது, அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி அப்படியே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் மேதையப்பர் வீட்டு அழைப்புமணி அடித்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றார் இரண்டாம் மாடிக்காரர்.

"பாப்பா ஏதோ சைபர்னு சொல்லிச்சாமே. எனக்கு அப்பலேர்ந்து மனசே சரியில்ல. வண்டி எடுத்த நாள்லேர்ந்து செலவு மேல செலவு சார்."

அது வெறும் கழித்தல் விளையாட்டு என்று மேதையப்பர் விளக்கப் பார்த்தார். அவர் காதில் ஏறவில்லை. அவர் பார்வை முழுக்கக் குழந்தை மேல்தான். "அடுத்த வண்டிக்கு எந்த நம்பர் வாங்கலாம், நீயே சொல்லும்மா."

"6174" என்றாள், யோசிக்காமல். "எல்லாம் கடைசியில அங்கதான் வரும்."

அவர் விரல்விட்டுக் கூட்டினார். "ஆறும் ஒண்ணும் ஏழு, ஏழும் ஏழும் பதினாலு, நாலு பதினெட்டு... ஒன்பது! நமக்கு ராசியே ஒன்பதுதான்!"

"எதை மாத்திப் போட்டுக் கழிச்சாலும் ஒன்பதாலதான் அங்கிள் வகுபடும். அது எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும் நல்லதுதான சொல்ற, நல்லா இரு தாயி" என்று சட்டைப் பையில் கைவிட்டபடியே மேதையப்பர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். பாப்பாவுக்கு ஃபீஸ் எவ்வளவு?"

எந்தக் கேள்விக்கும் ஒரு பெருமூச்சைத் தயாராக வைத்திருக்கும் மனிதருக்கு அன்று மூச்சே வரவில்லை. பதிலை மகளே சொல்லிவிட்டாள்.

"6174 ரூபா."