எலி செத்த கதை

நாகூர்ப் பக்கமிருந்து எல்லை தாண்டிக் காரைக்கால் பகுதியின் கீழவாஞ்சூருக்கு வருகிறவர்கள் தாவரவியல் ஆராய வருவதில்லை. புதுச்சேரி விலையில் கிடைக்கும் பாட்டிலுக்காக வருகிறார்கள். மணலில் வேலியோரமாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை யார் பார்ப்பது? போகும்போது அவசரம், திரும்பும்போது பார்வை ஓரிடத்தில் நிற்காது.

ஆடுகூட வாய் வைக்காத கசப்புச் செடி அது. தண்ணீர் விட ஆள் வேண்டாம், வருஷம் முழுக்கப் பூக்கும். இடுகாட்டில் முளைத்து, சுடுகாட்டு மல்லி என்று பேரைக் கெடுத்துக்கொண்டது. பூர்வீகம் மடகாஸ்கர். கடல் கடந்து காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரன் 1954இல் மூட்டை கட்டிவிட்டான், இது கட்டவில்லை.

இதன் புகழுக்குக் காரணம் ஒரு சுண்டிவிட்ட காசு. 1921இல் டொராண்டோவில், இன்சுலின் தேடிய பாண்டிங்குக்கு முதலில் யார் உதவிக்குப் போவது என்று பெஸ்ட், கிளார்க் நோபிள் என்ற இரு மாணவர்கள் காசு சுண்டினார்கள். பெஸ்ட் ஜெயித்து வரலாற்றில் ஏறிவிட்டார். (அவருக்கும் நோபல் பரிசு தராமல் பட்டை நாமம் போட்டார்கள் என்பது கிளைக்கதை.) நோபிளுக்குப் பெயரில் மட்டும்தான் நோபல் வாடை.

ஆனாலும் சர்க்கரை அவரை விடவில்லை. 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டர் தபால் உறையில் 25 இலைகளை அனுப்பினார்: எங்கள் ஊரில் சர்க்கரை வியாதிக்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள், பாருங்களேன். எல்லாம் நம் சுடுகாட்டு மல்லி இலைதான். கிளார்க் அதைத் தம்பி ராபர்ட்டின் ஆய்வுக்கூடத்துக்குத் தள்ளிவிட்டார்.

ராபர்ட் எலிகளுக்குச் சாற்றைப் புகட்டினார். சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை. ஊசியில் ஏற்றினார். எலிகள் மளமளவென்று செத்தன. வேறொருவர் என்றால் இலையைக் குப்பையில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார். இவர் செத்த எலியின் ரத்தத்தைப் பார்த்தார்: வெள்ளணுக்கள் காலி, காவலுக்கு ஆளில்லாமல் கிருமி புகுந்து கொன்றிருந்தது. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுக்கு இதைவிட என்ன வேண்டும்? வேதியியலாளர் சார்லஸ் பீர் வந்து சேர, 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிரிந்து வந்தது. அதே செடியில் சர்க்கரை மருந்து தேடிய இன்னொரு ஏமாளியும் உண்டு: அமெரிக்கக் கம்பெனி. அதன் பெயர், நம்புங்கள், எலி லில்லி! அவர்கள் பிடித்தது வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

டன் டன்னாக இலை அரைத்தால் மருந்து கிராம் கணக்கில்தான் தேறும். தூத்துக்குடி, நெல்லைச் சீமைக் கரிசலில் இதைப் பயிரிட்டு, காயவைத்து, சிப்பம் கட்டிக் கப்பலேற்றினார்கள். 1984 வாக்கில் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குத் தொடங்கிய எம்.சி.பி.-841 என்ற கூட்டு மருந்து முறையிலும் வின்கிரிஸ்டின் இருந்தது.

சர்க்கரை மட்டும் கடைசிவரை மசியவில்லை. இன்றும் சர்க்கரைக்கென்று வெறும் வயிற்றில் இந்த இலையை மென்று பார்க்கிற பெரியவர்கள் உண்டு. அந்த எலிகளை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு மெல்லலாம்.