கத்தலும் வீணாகவில்லை

பன்றியின் கத்தலைத் தவிர வேறு எதையும் நாங்கள் வீணாக்குவதில்லை என்பது சிகாகோ இறைச்சி முதலாளிகளின் பெருமிதப் பேச்சு. கறி டப்பாவுக்கு, கொழுப்பு சோப்புக்கு, மயிர் பிரஷ்ஷுக்கு, எலும்பு பொத்தானுக்கு, இரத்தம் உரத்துக்கு. 1865 கிறிஸ்துமஸ் அன்று திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். இந்த வசனத்தைக் கேட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதே சிக்கனத்தை மனிதர்களிடமும் கடைப்பிடித்ததை மட்டும் முதலாளிகள் சொல்லிக்கொள்ளவில்லை. தன்னடக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அங்கே வேலை தேடி வந்த லிதுவேனியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார் ஆண்ட லிதுவேனியாவில் தாய்மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிட்டாலே குற்றம். ஜெபப் புத்தகத்தைக்கூட ஜெர்மன் எல்லையிலிருந்து முதுகில் சுமந்து கடத்தி வந்தார்கள். நாற்பது ஆண்டுத் தடை 1904-ல்தான் நீங்கியது. பையன் வளர்ந்தால் ஜாரின் பட்டாளம் தூக்கிக்கொண்டு போகும். இதற்கெல்லாம் தப்பிக் கப்பலேறி வந்தவனை அமெரிக்கக் குமாஸ்தா ருஷ்யன் என்றோ போலந்துக்காரன் என்றோ பதிவேட்டில் எழுதிக்கொண்டார். போகட்டும், கசாப்புக் கூடத்து மேஸ்திரிக்கு ஊரும் பேரும் எதற்கு? விடியற்காலையில் வாசலில் நிற்கும் கூட்டத்தில் அகலமான தோள் எது என்று பார்த்து விரல் நீட்டினால் போதும்.

அப்படி விரல் நீட்டப்பட்டவன்தான் யுர்கிஸ் ருட்குஸ். கதைப் பாத்திரம்தான். ஆனால் அவனைப் படைத்த அப்டன் சின்க்ளேர் 1904-ல் ஏழு வாரம் அந்தப் பேட்டையிலேயே திரிந்து, தொழிலாளிகளின் வீட்டிலும் கூடத்திலும் கண்டதைத்தான் ‘தி ஜங்கிள்’ நாவலாக எழுதினார். அந்த வருடம்தான் பயிற்சியில்லாத வேலையாளுக்கு மணிக்குப் பதினெட்டரை செண்ட் கேட்டு நடந்த பெரிய வேலைநிறுத்தம் தோற்றிருந்தது. பதினெட்டரை செண்ட்! பேராசை பிடித்த ஜனங்கள்.

யுர்கிஸின் குடும்பத்தை எப்படிப் பங்கு பிரித்தார்கள் என்று பாருங்கள். அவனுடைய தோளைக் குடல் தள்ளும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முழு மணிக்குத்தான் கூலி, மணி நிறையாத வேலை தர்மக் கணக்கு. கிழட்டு அப்பா அன்டனாஸின் பாதங்கள் கறி ஊறவைக்கும் அறைக்குப் போயின. உப்பும் ரசாயனமும் தேங்கிய தரை அவர் செருப்பைத் தின்றுவிட்டுக் காலைத் தின்றது. அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவனுக்கு அவர் கூலியில் மூன்றில் ஒரு பங்கு. மனைவி ஓனா பிரசவமாகி ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். அவளிடம் எஞ்சியிருந்ததை, குடும்பத்தையே வேலையிலிருந்து துரத்துவேன் என்று மிரட்டி மேஸ்திரி எடுத்துக்கொண்டான். அந்த மேஸ்திரியை அடித்ததற்காக யுர்கிஸ் சிறைக்குப் போனான், ஏனென்றால் அமெரிக்காவில் சட்டத்தின் ஆட்சி நடக்கிறது. சின்னப் பையன் ஸ்டானிஸ்லோவாஸுக்கு, பாதிரியார் இரண்டு வயது கூட்டிச் சான்றிதழ் கொடுத்தார். அவன் விரல்கள் கொழுப்பு டப்பாவை இயந்திரத்தின் கீழ் வைத்து எடுக்கப் போயின.

வீட்டையும் விட்டுவைக்கவில்லை. 1,500 டாலர் வீடு, 300 கையில் கொடுத்து மிச்சம் மாதம் 12 டாலர். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய பத்திரத்தில் வட்டி ஒளிந்திருந்தது. ஒரு தவணை தவறினால் கட்டிய பணமும் போச்சு, வீடும் போச்சு. முன்பு வந்தவர்களும் இப்படித்தான் போனார்கள். அடுத்த குடும்பத்துக்காகச் சுவரில் புதுச் சாயம் பூசினார்கள். மாட்டை ஒரு முறைதான் விற்க முடியும், இந்த வீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் விற்கலாம்.

கிழவர் செத்தார். ஓனா இரண்டாம் பிரசவத்தில் செத்தாள். முதல் பிரசவத்தில் பிறந்த மகன் தெருக்குட்டையில் மூழ்கினான். ஸ்டானிஸ்லோவாஸை எலிகள் தின்றன.

1906-ல் புத்தகம் வெளிவந்ததும் அமெரிக்கா பதறி எழுந்தது. நடுத்தர வர்க்கம் தன் காலை உணவுத் தட்டைத் திகிலோடு பார்த்தது: இந்த சாசேஜில் என்ன இருக்கிறது? ஓனா யார், கிழவர் யார் என்றெல்லாம் யாரும் கேட்டு மெனக்கெடவில்லை. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நீல், ரெய்னால்ட்ஸ் என்ற இருவரை விசாரிக்க அனுப்பினார். கொன்று சுத்தம் செய்த பன்றி ஒன்று நழுவிக் கழிப்பறைக்குள் பாதி சறுக்கியதையும், அதை அப்படியே தூக்கி மற்றவற்றோடு தொங்கவிட்டதையும் அவர்கள் அறிக்கையில் எழுதினார்கள். தேசம் குமட்டியது. ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் கையெழுத்தானது. புத்தகம் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஜனநாயகம் நினைத்தால் எவ்வளவு வேகமாக ஓடும், பாருங்கள்.

முதலாளிகள் அழுதார்களா? கொஞ்சம் அழுதார்கள். பரிசோதனைச் செலவை நிறுவனங்களே கொடுக்க வேண்டும் என்று மசோதாவில் முதலில் இருந்தது. காங்கிரஸில் நண்பர்கள் இருந்ததால் அந்தச் செலவு, வருடத்துக்கு 30 லட்சம் டாலர், கஜானா தலையில் விழுந்தது. டப்பாவில் தேதி போட வேண்டும் என்ற பிரிவும் காணாமல் போனது. அருவருப்பில் சரக்கைத் திருப்பிய ஐரோப்பிய வியாபாரிகளிடம் காட்ட, அரசு பரிசோதித்துத் தேறியது என்ற முத்திரை ஓசியில் கிடைத்தது. எதற்கும் உதவாதென்று நூற்றாண்டின் சிரிப்பாக இருந்த அந்தக் கத்தல் இருக்கிறதே, அதையும் கடைசியில் டப்பாவில் அடைத்து விற்றுவிட்டார்கள்.

தொழிலாளிக்குச் சட்டம் இல்லையா என்று கேட்டால் நீதிமன்றம் கோபித்துக்கொள்ளும். ரொட்டிச் சாலையில் ஒருவனை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் சொன்னதை, 1905-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் அவனுடைய சுதந்திரத்தைப் பறிக்கலாமா? குழந்தை உழைப்புக்கு எதிராக 1916-ல் வந்த சட்டத்தை அதே நீதிமன்றம் 1918-ல் தூக்கி எறிந்தது. குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், குழந்தை உழைப்பு ஆகியவற்றுக்கு நிலைத்த கூட்டாட்சிச் சட்டம் 1938-ல் வந்தது. பன்றிக்கு ஐந்து மாதம், மனிதனுக்கு முப்பத்திரண்டு வருடம்.

யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் 1971-ல் மூடப்பட்டது. தொழில் மூடப்படவில்லை, சங்கம் பலவீனமான சின்ன ஊர்களுக்கு நகர்ந்தது. லிதுவேனியர்களின் இடத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா, சோமாலியா, பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிற்கிறார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவில் ஆலைத் தொழிலாளிகள் விழுந்துகொண்டிருந்தபோது, போர்க்காலச் சட்டத்தை எடுத்து, இறைச்சி ஆலைகள் ஓட வேண்டும் என்று வெள்ளை மாளிகை ஆணை போட்டது. நாட்டின் தட்டு காலியாகிவிடக் கூடாதே!

2023 பிப்ரவரியில் இன்னொரு கணக்கு வெளிவந்தது. எட்டு மாநிலங்களில் 13 இறைச்சி ஆலைகளில், 13 முதல் 17 வயது வரையிலான 102 குழந்தைகள் இரவு முறையில் எலும்பறுக்கும் ரம்பங்களை ரசாயனம் கலந்த நீரால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வேலைக்கு வைத்த துப்புரவு நிறுவனத்துக்கு அன்று சட்டம் அனுமதித்த உச்ச அபராதம்: குழந்தை ஒன்றுக்கு 15,138 டாலர். நிறுவனம் கட்டிவிட்டது. விடிந்ததும் அந்த ரம்பங்களில் அறுத்த கறியின் மேல் முத்திரை விழுந்தது. அரசு பரிசோதித்தது, தேறியது.