தலைவரின் கணவர் பணியிடத்துக்கு ஆணை வேண்டி

அனுப்புநர்:
ஒரு பெண் வாக்காளர்,
ஒரு கிராம ஊராட்சி, தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை,
பனகல் மாளிகை, சைதாப்பேட்டை, சென்னை – 15.

பொருள்: கிராம ஊராட்சிகள் – பெண் தலைவர்கள் – அவர்தம் கணவர்கள் ஆணையின்றிப் பல்லாண்டு பணியாற்றி வருதல் – பணியிடம் தோற்றுவித்து ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம், 1992.
2. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994.
3. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துச் சுவரொட்டி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வை 3-இலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும் வடிவம் அதுதான். பொங்கல் வாழ்த்துச் சுவரொட்டி. தலைவரின் படம் தபால்தலை அளவு. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நிற்கும் அவருடைய வீட்டுக்காரர் ஆளுயரம். ஊரில் அவரைத்தான் ‘தலைவரே’ என்கிறோம். தலைவர், தலைவரம்மா ஆகிவிட்டார்.

1993 ஏப்ரல் 24 முதல் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். 2016-இல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கிச் சட்டம் செய்தது. அதே ஆண்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது, 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. இருவருக்கும் பூஜ்யம் என்பதால் அந்த மூன்றாண்டும் ஆணும் பெண்ணும் அப்பழுக்கில்லாத சமத்துவத்தில் வாழ்ந்தார்கள் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

பிறகு தேர்தல் வந்தது, பெண்கள் வென்றார்கள். அறிவிக்கையும் தேர்வும் நேர்காணலும் இல்லாமல் ஊருக்கு ஊர் ஒரு பணியிடம் தானாக நிரம்பியது. ஒப்பந்தக்காரரோடு பேசுவது, குழாய் இணைப்புக்கு யார் வீடு முதலில் என்று முடிவு செய்வது, ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்குப் போவது, கிராம சபையில் மைக் பிடிப்பது எல்லாம் இந்தப் பணியாளரே. தலைவரம்மாவுக்குக் கையெழுத்து மட்டும். மின்னணுக் கையொப்பம் வந்த பிறகு அந்தச் சிரமமும் குறைந்தது. கையொப்பக் கருவி வீட்டுக்காரரின் சட்டைப் பையில் அடங்கிவிடுகிறது.

இவ்வளவு உழைப்பவருக்கு ஊதியமில்லை, பணிப்பதிவேடு இல்லை. அதைவிடக் கொடுமை, பொறுப்பும் இல்லை. தணிக்கையில் தடை வந்தால் தலைவரம்மா பெயருக்கு வருகிறது. 205-ஆம் பிரிவில் பதவி நீக்க நோட்டீஸ் வந்தால் அதுவும் அவருக்கே. ஐந்தாண்டு ஊராட்சியை நடத்திய மனிதரைக் கேள்வி கேட்க ஒரு பிரிவுகூடச் சட்டத்தில் இல்லை. இதை அவர் எவ்வளவு பெரிய அவமதிப்பாக உணர்வார்!

ஆகவே விதிகளை வகுத்துத் தாருங்கள். கல்வித் தகுதி: தலைவரைத் திருமணம் செய்திருத்தல். வயது வரம்பு கிடையாது. கணவரை இழந்த தலைவர்களின் ஊராட்சியில் கொழுந்தனார் அல்லது மூத்த மகனைக் கருணை அடிப்படையில் நியமிக்கலாம். மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் தலைவர்களுக்குப் பயிற்சி நடத்தும்போது வெளியே வேனில் காத்திருக்கும் கணவர்களுக்கு ஒரு தனிக் கூடம் ஒதுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஒரு விதி அவசியம். சில தலைவரம்மாக்கள் இரண்டாம் ஆண்டு வாக்கில், “இது என்ன பில்?” என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருத்தி கேட்டால் பக்கத்து ஊராட்சிக்கும் பரவுகிறது.

இப்படி ஒரு பணியிடமே இல்லை என்று தங்கள் அலுவலகம் மறுக்க முடியாது. நியமித்தவர்களே தாங்கள்தான். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் தலைவர்களின் கைபேசி எண் பட்டியல் இருக்குமே, அதில் பெண் தலைவர்களின் எண்களுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எத்தனை எண்ணில் ஆண் குரல் “சொல்லுங்க சார்” என்கிறது என்று எண்ணிக்கொண்டால், பணியிடங்களின் எண்ணிக்கை கைக்கு வந்துவிடும்.

வெளிமாநிலத்தார் நம்மைவிட வெளிப்படையானவர்கள். சத்தீஸ்கரில் கபீர்தாம் மாவட்டத்துப் பரஸ்வாரா ஊராட்சியில் 2025 மார்ச்சில், வென்ற பெண் உறுப்பினர்கள் 6 பேருக்குப் பதிலாக அவர்களின் கணவர்களே பதவியேற்றுக்கொண்டார்கள். ஊராட்சிச் செயலர் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார். அவர் செய்த பிழை, எல்லாரும் வீட்டுக்குள் செய்வதை மேடையில் செய்தது. ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் அமைத்த குழுவோ, பெண் பிரதிநிதிக்குப் பதிலாக ஆள்பவர்கள்மீது முன்னுதாரணமான தண்டனை வேண்டும் என்று அதே ஆண்டு பரிந்துரைத்திருக்கிறது. தண்டிக்க வேண்டுமானாலும் முதலில் ஆள் பதிவேட்டில் இருக்க வேண்டாமா?

வீட்டு ஆள் ஒதுங்கி நிற்கும் இடங்களிலும் ஊர் ஆள் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். பட்டியல் சாதிப் பெண் தலைவராக இருக்கும் ஊரில் அந்த இரண்டாவது கையெழுத்து என்னென்ன செய்யும் என்று தங்களுக்குத் தெரியும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை 2020-இல் நாடே பார்த்தது. இதற்கு விதி எழுதிப் பகடி செய்ய எனக்கு வரவில்லை. அடுத்த கோரிக்கைக்குப் போகிறேன்.

வேலைவாய்ப்பிலும் சமத்துவம் வேண்டும் என்று அரசு விரும்புவதாக அறிகிறேன். அரசுப் பணி நியமனத்தில் பெண்களுக்கான 30 சதவீதம் 40 ஆகும் என்று 2021-இல் அறிவித்தார்கள், மகிழ்ச்சி. எங்கள் ஊராட்சி அதையும் தாண்டிவிட்டது. குப்பை வண்டி தள்ளும் தூய்மைக் காவலர்கள் நூற்றுக்கு நூறு பெண்கள். தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டுத் திண்ணையில் உட்காரும் வேலை மட்டும் ஆணுக்கு. வால்வு கனமானதாம். குப்பை வண்டியை நான் தள்ளிப் பார்த்ததில்லை, இலேசாக இருக்கும்போல.

முக்கியக் கோரிக்கைக்கு வருகிறேன். பெண்களுக்கு ஒதுக்கப்படாத ஊராட்சிகளில் தலைவர் ஆணாக இருக்கும்போது அவர் மனைவிக்கு என்ன பணி கிடைக்கிறது? காலையில் வீடு தேடி வரும் இருபது பேருக்குக் காபி. கிராம சபைக்கு மைக் பிடிக்க அவரை யாரும் அழைப்பதில்லை. ஒப்பந்தக்காரர் அவர் எண்ணுக்குப் போன் செய்வதில்லை. சுவரொட்டியில் தபால்தலை அளவுகூட இல்லை. வாழ்க்கைத்துணைதான் ஊராட்சியை நடத்துவது மரபென்றால், அந்த மரபில் இப்படி வெளிப்படையான பாலினப் பாகுபாடு இருக்கலாமா? ஆண் தலைவர்களின் கையொப்பக் கருவியை அவரவர் மனைவியரிடம் ஒப்படைக்கவும், ஒன்றியக் கூட்டங்களுக்கு மனைவியரே வரவும் சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறேன். தலைவர்கள் அன்று வீட்டிலிருந்து காபி போடலாம்.

அவசரம் இருக்கிறது. 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தலைவரம்மாக்களின் நாற்காலி காலியானது. கணவர்களுக்குப் பதவிக்காலம் என்று ஒன்று குறிப்பிடப்படாததால், வண்டியின் முன் கண்ணாடியில் ‘தலைவர்’ என்ற எழுத்து அழியவேயில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாக்காளர்.

நகல்: மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு. தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் சின்னத்துக்குப் பக்கத்தில் வேட்பாளரின் வீட்டுக்காரர் பெயரையும் அச்சிட்டால், யாருக்குக் குத்துகிறோம் என்று தெரிந்தே குத்துவோம்.