கண்ணாடிப் பெட்டி வாங்கப் போற தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவரானதிலேருந்து நீ நின்னுக்கிட்டேதான் பேசுற. அது மேடைப் பழக்கம். கோப்பிக் கடையில உக்காந்துதான் பேசணும்.

நம்ம தமிழ்ப் பள்ளிக்கு முப்பது கண்ணாடிப் பெட்டி வாங்கப் போறீங்களாமே? கண்ணுல மாட்டிக்கிட்டா பிரமிடு தெரியுமாம், திமிங்கலம் பக்கத்துல வந்து நீந்துமாம், நிலாவுல நடக்கலாமாம். 'மெய்நிகர் கல்வி'ன்னு பேனர் அடிச்சாச்சு. நிதிக்கு ஒரு டின்னர், அதுக்கு ஒரு பாட்டுக்காரர், வர்றவங்களுக்கெல்லாம் மாலை, பொன்னாடை. ரொம்ப நல்ல காரியம். நான் குறுக்க நிக்க மாட்டேன். நாலு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுறேன். கோலாலம்பூர் ஆலோசகர் மாதிரி இதுக்கு நான் பில்லு போட மாட்டேன், பயப்படாதே.

அன்னைக்கு மண்டபத்துல பெட்டியைக் காட்ட வந்த விற்பனைக்காரப் பையன் என் தலையிலயும் ஒண்ணை மாட்டி விட்டான். 'தாத்தா, அமேசான் காடு பாருங்க'ன்னான். பார்த்தேன். மரமெல்லாம் நெடுநெடுன்னு நிக்குது, மழை கொட்டுது, என் மேல ஒரு சொட்டு இல்ல. கொசு இல்ல, அட்டை இல்ல, பின்னாடி நின்னு கத்துற மண்டோர் இல்ல. இப்படி ஒரு காடு எங்களுக்குக் கிடைச்சிருந்தா எந்தப் பய ரப்பர் தோட்டத்துப் பால் மரத்தை விட்டு டவுனுக்கு வந்திருப்பான்? ஒரு மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம்னு கையை நீட்டினேன், அது பெரிய டீச்சரம்மா கொண்டையில போய்ப் பட்டுச்சு. அந்தக் காலத்துல இப்படி ஒருத்தன் காத்தைத் தடவிக்கிட்டு நடந்திருந்தா நேரா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குக் காடி ஏத்தியிருப்பாங்க. இப்ப கை தட்டுறாங்க. காலம் முன்னேறிடுச்சு.

கழட்டினதும் தலை கிறுகிறுன்னு வந்துச்சு. 'வயசாயிடுச்சு தாத்தா'ன்னு சிரிச்சான் பையன். வயசு இல்லப்பா. கண்ணு சொல்லுது 'நீ நடந்துக்கிட்டிருக்க'ன்னு. காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு சொல்லுது 'நீ நாற்காலியில குந்தியிருக்க'ன்னு. ரெண்டும் சண்டை போட்டா வயிறு நடுவுல வந்து வாந்தி எடுக்குது. இது சின்னப் பிள்ளைக்கும் வரும். வகுப்புல ஒரே நேரத்துல முப்பது பேர் மாட்டினா, பக்கத்துல வாளி எத்தனை வைக்கணும்னும் அவன் கம்பெனி தர்ற மேற்கோள்விலையில சேர்த்துப் போடச் சொல்லு.

இன்னொண்ணு. மெட்டா கம்பெனிக்காரனே தன்னோட குவெஸ்ட் பெட்டிக்கு 13 வயசு ஆகணும்னு ரொம்ப நாளா வச்சிருந்தான். 2023லதான் பெத்தவங்க மேற்பார்வையில 10 வயசுன்னு இறக்கினான். நம்ம பள்ளியில ஒண்ணாம் ஆண்டுப் பிள்ளைக்கு வயசு 7. ஆக, விக்கிறவன் வாயாலயே பார்த்தா முதல் மூணு வகுப்புக்கு இது ஆகாது. பாதிப் பள்ளிக்கூடம் வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்கும். இதை டின்னர் அழைப்பிதழ்ல போடலையே, மறந்துட்டீங்களோ?

சரி, கிழவன் எதுக்கெடுத்தாலும் குறை சொல்றான்னு மூஞ்சியத் தூக்காதே. இந்தப் பெட்டிக்கு ஒரு யோக்கியதை இருக்கு. அதையும் நான்தான் சொல்லணும், ஏன்னா விற்பனைக்காரப் பையனுக்கு அது தெரியல.

நான் பால் வெட்டக் கத்துக்கிட்ட கதை உனக்குத் தெரியாது. விடியக் கருக்கல்ல பேர் கூப்பிடுற பெரட்டு முடிஞ்சு, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு நிரையில நிக்கணும். வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சிடும், அதனாலதான் அந்த இருட்டு. வெட்டு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு, மரத்தைப் பாதி சுத்தி, வலது பக்கம் கீழ இறங்கணும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு மெல்லிய தோல் இருக்கு. பால் ஓடுற நரம்பெல்லாம் அதை ஒட்டித்தான் அதிகம். அதனால கத்தி அதுக்குக் கிட்டப் போகணும், ஆனா தொடக் கூடாது. நடுவுல விடுற பட்டை ஒரு மில்லிமீட்டர்தான். மேலாக்கச் சீவினா மங்குல பால் இல்ல. ஆழமா இறங்கினா மரத்துக்குக் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமா வீங்கிப் போய், பட்டை மறுபடி வளர்ந்தாலும் அதுல ஒழுங்கா கத்தி ஓட்ட முடியாது. ஒரு புதுப் பையன் கத்துக்கறதுக்குள்ள எத்தனை மரம் பாழாகும், எத்தனை தடவை கிராணிகிட்ட வாங்கிக் கட்டிக்கணும்! அதுக்குத்தான் பழகுறவன்கிட்ட வெட்டித் தள்ளப் போற கிழட்டு மரமா பார்த்துக் குடுப்பாங்க.

அப்ப இந்தப் பெட்டிக்குள்ள ஒரு பொய் மரம் இருந்திருந்தா, நூறு தடவை அதைக் காயப்படுத்தியிருப்பேன், யாருக்கும் நட்டமில்ல. விமானம் ஓட்டுறவன் அப்படித்தான் பழகினான். எட்வின் லிங்க்னு ஒரு அமெரிக்கன் 1929லயே தரையை விட்டுக் கிளம்பாத விமானம் ஒண்ணு செஞ்சான். ரெண்டாம் உலகப் போர்ல எக்கச்சக்கமான விமானிகள் முதல்ல அதுல உக்காந்துதான் பழகினாங்க. டாக்டருங்க கதையும் அதேதான். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல பயிற்சி டாக்டர்களை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்தை மட்டும் இந்த மெய்நிகர் எந்திரத்துல பழக வச்சு, அப்புறம் நிஜமாவே பித்தப்பை ஆப்பரேசன் செய்யச் சொன்னாங்க. 2002ல முடிவு வந்துச்சு. எந்திரத்துல பழகினவங்க வேலையை 29 விழுக்காடு வேகமா முடிச்சாங்க. பழகாதவங்க பித்தப்பையைக் காயப்படுத்துறதும் பக்கத்துச் சதையைச் சுடுறதும் அஞ்சு மடங்கு அதிகமா இருந்துச்சு. என் பித்தப்பை சாமி புண்ணியத்துல நல்லா இருக்கு. நாளைக்குக் கெட்டா, பெட்டி மாட்டிப் பழகின டாக்டராப் பார்த்துத்தான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில படுப்பேன்.

தப்புப் பண்ணினா உயிர் போற இடம், போக முடியாத இடம், கண்ணுக்குத் தெரியாத சங்கதி, இதுக்கெல்லாம் பெட்டி சரி. இதயம் எப்படிச் சுருங்குது, எரிமலைக்குள்ள என்ன இருக்கு, பார்க்கட்டும். ஆனா அன்னைக்கு அந்தப் பையன் பிள்ளைங்களுக்கு எதைக் காட்டினான்? ஏதோ வெள்ளைக்கார நாட்டுச் சுண்ணாம்புக் குகை! ஏண்டா தம்பி, ஈப்போவைச் சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக் கல்லு மலை. கோப்பேங்ல தெம்புரோங் குகை வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. கல்லுமலை முருகனை வருசா வருசம் போய்க் கும்பிடுறோம். நிஜ மலையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு பொய் மலையைப் பார்க்கக் கண்ணைக் கட்டிக்கிறதுக்கு ஒரு டின்னரா?

உனக்கு வயசு கம்மி, அதனால பழைய கதை கொஞ்சம் சொல்றேன். பெட்டி வர்றது இது முதல் தடவை இல்ல. 1999ல 'செக்கோலா பெஸ்தாரி', அதாவது விவேகப் பள்ளின்னு வந்துச்சு. 2003ல கணக்கும் அறிவியலும் இங்கிலீசுலன்னு சொல்லி வாத்தியாருங்களுக்கு மடிக்கணினி, சுவத்துல படம் விழுத்துற எந்திரம் எல்லாம் குடுத்தாங்க. அப்புறம் 2011ல வந்துச்சு பாரு, அதுதான் பெரிய மேளம். ஒன்பெஸ்தாரிநெட். நாடு முழுக்கப் பத்தாயிரம் பள்ளிக்கு இணையம், அதுக்குள்ள ஃப்ராக்னு ஒரு மெய்நிகர் வகுப்பறை. பதினஞ்சு வருசத் திட்டம், 407 கோடியே 70 லட்சம் வெள்ளி. சைபர் எத்தனைன்னு எண்ணுறதுக்கே எனக்குக் கண்ணாடி வேணும்.

தேசியக் கணக்காய்வாளர் தன்னோட 2013 அறிக்கையில என்ன எழுதினார் தெரியுமா? அந்த வகுப்பறையைப் பிள்ளைங்க, வாத்தியாருங்க, பெத்தவங்க பயன்படுத்தினது 0.01 விழுக்காட்டுலேருந்து 4.69 விழுக்காடு வரைக்கும்தான். 0.01 விழுக்காடுன்னா பத்தாயிரம் பேர்ல ஒருத்தர். அந்த ஒருத்தரும் கை தவறி அமுக்கியிருப்பார்னு நினைக்கிறேன். 2019 ஜூன் மாசத்தோட திட்டம் மூட்டை கட்டுச்சு. பெட்டி கெட்டதுன்னு நான் சொல்லல. பள்ளியில லைன் ஒழுங்காக் கிடைக்கல, வாத்தியாருக்குப் பழகுறதுக்கு நேரம் இல்ல, ஏற்கெனவே அவர் தலையில ஆயிரத்தெட்டு பாரம். மேல இருக்குறவங்க ரிப்பன் வெட்டிட்டுப் போயிட்டாங்க, கீழ இருக்குறவங்க பாஸ்வேர்டு தேடிக்கிட்டிருந்தாங்க.

வெளிநாட்டுக்காரன் மட்டும் ஒழுங்கா? கூகிள்காரன் 2015ல அட்டைப் பெட்டிக்குள்ள போனைச் சொருகி, எக்ஸ்பெடிசன்ஸ்னு பள்ளிப் பிள்ளைங்களுக்கு உலகத்தைக் காட்டினான். 2021ல கடையைச் சாத்திட்டான். நம்ம ஈப்போ மேரு ராயாவுல அனிமேசன் பூங்கா 2017ல தடபுடலாத் திறந்துச்சு, 2020 ஜனவரியில கதவை மூடிட்டாங்க. அதனால மேற்கோள்விலையில இன்னொரு வரி கேளு: மூணு வருசம் கழிச்சு உங்க கம்பெனி இல்லேன்னா இந்தப் பெட்டியை வச்சு நாங்க என்ன செய்யறது? நான் வேணா யோசனை சொல்றேன், சேவலைக் கவுத்துப் போடலாம்.

கோவிட் வந்தப்பதான் இந்த விசயத்துல எல்லார் சாயமும் வெளுத்துச்சு. 2020 மார்ச் 18லேருந்து வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது. பாடமெல்லாம் போன்ல. கல்வி அமைச்சே ஒரு கணக்கு எடுத்துச்சு: 36.9 விழுக்காடு பிள்ளைங்களுக்கு எந்தக் கருவியுமே கிடையாது. எங்க லயத்துப் பக்கம் ஒரு வீட்டுல நடந்ததை நான் பார்த்தேன். மூணு பிள்ளைங்க, ஒரே போன். அப்பன் காவல் வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போயிடும். ராத்திரி அவன் திரும்பி வந்து குளிக்கிற நேரத்துல மூணும் சண்டை போட்டு வீட்டுப்பாடத்தைப் படம் புடிச்சு அனுப்பும். பெரியவளோட கணக்குப் பாடம் சின்னவனோட டீச்சருக்குப் போயிடுச்சு. அந்த அம்மாவும் 'மிக நன்று'ன்னு பதில் போட்டாங்க, பாவம், அவங்களுக்கும் எத்தனை வரும். அதே வருசம் சபாவுல ஒரு பொண்ணு பரீட்சை எழுதறதுக்கு லைன் தேடி மரத்துல ஏறி ஒரு பகல் ஒரு ராத்திரி உக்காந்துச்சு. நாங்க மரத்துலேருந்து பால் எடுத்தோம், அது லைன் எடுத்துச்சு.

ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு. அந்த ஓட்டைப் போன் மட்டும் இல்லேன்னா செம்பனைக் காட்டுக்குள்ள இருக்குற பிள்ளைக்கு அந்த வருசம் பள்ளிக்கூடமே இல்ல. தினமும் குரல்ல பேசிப் பதிவு பண்ணி வாட்சப்ல அனுப்பின டீச்சருங்களை எனக்குத் தெரியும். அவங்ககிட்ட முப்பரிமாணம் ஒண்ணும் இல்ல. 'வாசிச்சியா கண்ணு, திருப்பி வாசிச்சுக் காட்டு'ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைங்க இன்னிக்குப் பேப்பர் வாசிக்குது.

முப்பரிமாணம் இருந்தாத்தான் படிப்பு ஏறும்னு இல்ல. இதைத்தான் படிச்சவங்களும் சொல்றாங்க. கோப்பன்ஹேகன்ல 2019ல ஒரு ஆராய்ச்சி. ஒரே அறிவியல் பாடத்தைச் சாதாரணக் கணினித் திரையிலயும் காட்டினாங்க, தலையில பெட்டி மாட்டியும் காட்டினாங்க. பெட்டி மாட்டினவங்க 'அந்த இடத்துலயே இருந்த மாதிரி இருந்துச்சு'ன்னு சொன்னாங்க. ஆனா கத்துக்கிட்டது கம்மி. வேடிக்கை பார்க்கவே மூளைக்கு நேரம் சரியாப் போச்சு. தைப்பூசத்துக்குப் போயிட்டு வந்த பிள்ளைகிட்ட 'சாமி பார்த்தியா'ன்னு கேட்டா 'பலூன் பார்த்தேன்'னு சொல்லுதே, அதேதான். யுனெஸ்கோவும் 2023ல தடியா ஒரு அறிக்கை போட்டு, கல்விக்குள்ள தொழில்நுட்பம் யார் சொல்றபடி வருதுன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்வியைத்தான் நான் கோப்பிக் கடையில உக்காந்து கேட்கிறேன். எனக்கு யாரும் சம்பளம் குடுக்கலை.

இது பழைய கேள்விதான். எங்க காலத்துல தோட்டத்துப் பள்ளி எப்படி வந்துச்சுன்னு நினைக்கிற? துரைமாருக்குக் கல்வி மேல ஆசையா? பிள்ளைங்க இத்தனை பேர் இருந்தா பள்ளி வைக்கணும்னு தொழிலாளர் சட்டம் சொல்லுச்சு, வச்சான். ஒரு கொட்டாய், ஒரு பலகை, எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு கங்காணியோ கிராணியோ வாத்தியார். சட்டத்துக்குக் கணக்குக் காட்டியாச்சு. இன்னிக்குப் பேராக்ல மட்டும் 134 தமிழ்ப் பள்ளி இருக்கு, மத்த எந்த மாநிலத்துலயும் இத்தனை இல்ல. பல பள்ளிக்குப் பேர்ல 'தோட்டம்' இருக்கு, தோட்டம் இல்ல. பிள்ளைங்க தாமானுக்குப் போயிட்டாங்க. எண்ணிக்கை குறையுற பள்ளியைக் காப்பாத்தத்தான் நீ பெட்டி வாங்குறேன்னு எனக்குத் தெரியும். 'எங்க பள்ளியில விஆர் பெட்டி இருக்கு'ன்னு சொன்னா நாலு பிள்ளை கூட வரும். உன் கவலை நியாயம்தான். ஆனா அந்த நாலு பிள்ளை வந்தப்புறம் மூணாம் ஆண்டுல ஒரு பத்தி தமிழ் தடுமாறாம வாசிக்கலேன்னா, அடுத்த வருசம் பெத்தவங்க எட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க.

அதனால இப்படிச் செய். முப்பது வேணாம், ஆறு வாங்கு. நாலாம் ஆண்டுலேருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும் உள்ள பிள்ளைங்க குழுக் குழுவா, அஞ்சு அஞ்சு நிமிசம் மாட்டட்டும். மாட்டினவன் கழட்டினதும், என்ன பார்த்தான்னு மத்தவங்களுக்குத் தமிழ்ல சொல்லணும், எழுதணும். சொல்லத் தெரியலேன்னா அவன் ஒண்ணும் பார்க்கலன்னு அர்த்தம். எந்தப் பாடத்துக்கு மாட்டணும்னு டீச்சர் முடிவு பண்ணட்டும், விற்பனைக்காரன் வேணாம், நீயும் வேணாம். அவங்க பழகிக்க நேரம் குடு, அந்த நேரத்துக்கு வேற வேலை குடுக்காதே. சாவியை அலுவலக அலமாரியில பூட்டி வச்சு, பெரிய அதிகாரி வர்ற அன்னிக்கு மட்டும் எடுக்குற வேலை வச்சுக்காதே.

மிச்சக் காசுல ரெண்டு பஸ் புடி. கோலகங்சார்ல மாவட்ட அலுவலகத்துக்கு முன்னாடி ஒரு ரப்பர் மரம் நிக்குது. 1877ல நட்ட ஒன்பது கன்னுல ஒண்ணு. விதை பிரேசில்லேருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து, கன்னா வளர்ந்து, கப்பல் ஏறி இங்க வந்துச்சு. அந்த அமேசான் காட்டைத்தான் உன் பெட்டிக்குள்ள எனக்குக் காட்டினாங்க. அதோட பிள்ளை நம்ம பக்கத்துலயே வேலி போட்டு நிக்குது. நம்ம பாட்டன் பூட்டனைக் கப்பல் ஏத்தினது அந்த மரத்தோட வம்சம்தான். நம்ம பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல பால் மரத்தைப் பார்த்ததே இல்ல. வேலிக்கு வெளிய நின்னு பார்க்கட்டும். கத்தியை எப்படிப் புடிக்கணும், ஒரு மில்லிமீட்டர் எங்க இருக்குன்னு நான் வந்து சொல்றேன், கையில பிடிச்சுக் காட்டுறேன்.

டின்னருக்கு என் பேர்ல ரெண்டு டிக்கெட் எழுதிக்க, காசு தர்றேன். பஸ்ஸுல மட்டும் எனக்கு முன் சீட்டு வை. பின்னாடி உக்காந்தா எனக்கு நிஜமாவே தலை சுத்தும்.