நான் திருடன் இல்லை, மாமா

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் மகளும் நலம். என்மேல் கோபமாக இருக்கிறாள். அதனால் நல்ல தெம்பாகவும் இருக்கிறாள்.

உங்கள் வாய்ஸ் மெசேஜை ஆபீஸ் படிக்கட்டில் நின்று கேட்டேன். “என்ன மாப்ளே, கார் ஸ்டார்ட் ஆகுது, ஆன வேகத்துல நின்னுருதாமே? சோக்கை இழுத்துப் பாத்தியா? கார்ப்ரேட்டரைக் கழட்டி ஒரு ஊது ஊது, பறக்கும்!” பின்னாலிருந்து அத்தை, “அதை வித்துட்டு பஸ்ல போகச் சொல்லுங்க” என்றதும் கேட்டது. எங்கள் தெருப் பக்கம் பஸ் வராது என்பதை அத்தைக்குத் தெரிவிக்கவும்.

மாமா, இது 2003-ஆம் வருஷத்து வண்டி. சோக்கும் கிடையாது, கார்ப்ரேட்டரும் கிடையாது. அமெரிக்கக் கார்களில் கார்ப்ரேட்டர் 1990-களின் தொடக்கத்திலேயே ஒழிந்துவிட்டது. இப்போது இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன. எவ்வளவு பீய்ச்சலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் உத்தரவு போடுகிறது. ஊதுவதற்கு நான் தயார்தான். ஊதுகிற இடத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். கயத்தாறு பக்கம் அம்பாஸடர் நின்றபோது நீங்கள் பெட்ரோல் பம்ப்பில் சுற்றிய ஈரத்துணி வைத்தியமும் இங்கே எடுபடாது. அங்கே எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியைத் தள்ளிக்கொண்டிருந்தது. துணி குளிர்ந்ததும் வண்டி கிளம்பியது. இங்கே பம்ப் பெட்ரோல் டாங்க்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. வெளியே முழங்கால் வரை பனி. ஈரத்துணியைப் போட்டால் அடுத்த நிமிஷம் அதை நிமிர்த்தி நிற்க வைக்கலாம்.

முதலில் நின்றது பெட்ரோல் பங்கில். நம் ஊர் மாதிரியே இங்கேயும் ஆள்தான் பெட்ரோல் போடுவார்; நாமே போட்டுக்கொள்ளக் கூடாது. 1949-இல் போட்ட சட்டம். மற்ற மாநிலங்களில் எல்லாம் கைவிட்டுவிட்டார்கள், நியூ ஜெர்சி மட்டும் பிடிவாதமாக வைத்திருக்கிறது. போடும்போது எஞ்சினை அணைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. அணைத்தேன். சர்தார்ஜி ஒருவர் போட்டார், காசு வாங்கினார், கையசைத்தார். சாவியைத் திருகினேன். வண்டி உறுமியது, ஆர்.பி.எம். முள் ஆயிரத்தைத் தாண்டி எழும்பியது. அப்படியே பொத்தென்று விழுந்தது. மறுபடி திருகினேன். உறுமல், எழும்பல், பொத். எனக்குப் பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்த அடியில் ஒரு நிமிஷம் மாட்டுத்தாவணியில் இருப்பதாகவே நினைத்துவிட்டேன். சர்தார்ஜியும் இன்னொருவரும் சேர்ந்து தள்ளி ஓரத்தில் விட்டார்கள்.

இதில் உங்களுக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று சொல்கிறேன். நிறுத்திய வண்டியில் எஞ்சினை 3 நிமிஷத்துக்கு மேல் சும்மா ஓட விடக்கூடாது என்றும் இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. காற்று கெடுமாம். அந்த விஷயத்தில் என் வண்டியைப் போல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வண்டி நியூ ஜெர்சியிலேயே கிடையாது.

எங்கள் கீழ்வீட்டில் ஓர் ஈக்வடார்க்காரர் இருக்கிறார். பகலில் கூரை வேலை, சாயங்காலம் யார் வண்டி நின்றாலும் அங்கே நிற்பார். அவருக்கு ஸ்பானிஷ், எனக்குத் தமிழ். நடுவில் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் ஆங்கிலத்தை உடைத்துப் போட்டுக்கொள்கிறோம். எங்கள் குடியிருப்பில் பார்க்கிங்கில் வைத்து வண்டி ரிப்பேர் செய்யக் கூடாது என்று போர்டு இருக்கிறது. அவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: கையில் ஸ்பானர் இருந்தால் ரிப்பேர்; இல்லையென்றால் வேடிக்கை. ஆகவே ஸ்பானரை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

அவரும் உங்கள் பள்ளிக்கூடம்தான் மாமா. காற்று, பெட்ரோல், பொறி, இந்த மூன்றில் ஏதோ ஒன்று கைவிடுகிறது என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் எது என்பதை வண்டி எப்படி நிற்கிறது என்பதை வைத்தே பாதி சொல்லிவிடலாமாம். சாவியை விட்டதும் அந்தக் கணமே செத்தால் இக்னிஷன் ஸ்விட்ச்சைப் பார். இருமி இருமிச் செத்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ ரப்பர் குழாய் வெடித்துத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கும்வரை ஓடி, காலை எடுத்ததும் நின்றால், சும்மா ஓடும்போது காற்று விடுகிற வால்வில் கரி அடைத்திருக்கிறது. கழற்றி ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் சரி. சூடேறிய பிறகு நின்று, ஆறினபின் கிளம்பினால், கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படு. 

ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைச் சாவியை ‘ஆன்’ வரைக்கும் மட்டும் திருகச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் காதை வைத்துப் படுத்தார். ஙீ என்று இரண்டு விநாடி ஒரு முனகல் கேட்டது. “பம்ப் குட்” என்றார். உள்ளே போகிற காற்றை அளக்கிற சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருந்தால், அது இல்லாதபோது கம்ப்யூட்டர் தானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஓட்டுமாம். அப்போதும் பொத். ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் பொத். இருமல் இல்லை, திணறல் இல்லை. யாரோ ஸ்விட்ச்சை அணைத்தது போல, ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு விநாடியில். “என்ஜின் நோ ப்ராப்ளம். சம்படி கில்” என்றார் அவர். கொலைதான் என்பதில் உறுதியாக இருந்தார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் வந்து பார்த்தான். 1996-க்குப் பிறகு இங்கே விற்ற எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசி கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் கையடக்கக் கருவியைச் செருகினால் எஞ்சின் தன் புகார்களை நம்பர் போட்டுச் சொல்லும். செருகினான். புகார் எதுவுமில்லை என்றது. அந்தக் கருவி எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்வதை மட்டும்தான் படிக்குமாம். என் வண்டியின் புகார் வேறு இலாகாவில் இருந்தது.

அப்போதுதான் டாஷ்போர்டில் ‘செக்யூரிட்டி’ என்று ஒரு மஞ்சள் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்ததை ஈக்வடார்க்காரர் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மாமா, அந்த வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை. என்னைத் திருடன் என்று முடிவு கட்டியிருக்கிறது.

ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகி வண்டியைக் களவாடுகிறார்கள் என்று கம்பெனிக்காரன் ஒரு வேலை செய்திருக்கிறான். சாவி போடுகிற ஓட்டைக்குள் ஒரு குட்டிக் காந்தம். சாவியோடு அது சுற்றும்போது பக்கத்தில் ஒரு சென்சார் உணர்ந்து, தலைமயிர் கனத்தில் ஒரு மஞ்சள் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு ரகசியக் கணக்கு ஒன்றை அனுப்பும். கணக்கு ஒத்துப்போனால் பெட்ரோல் தொடரும். ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் கிளம்பும், கிளம்பிய கையோடு பெட்ரோலை நிறுத்திவிடும். இருபது வருஷமாகச் சாவியைத் திருகித் திருகி அந்த ஒயர் நைந்து, கணக்கு உளறுகிறது. உண்மையான சாவி, உண்மையான சொந்தக்காரன், ஆனாலும் திருடன்.

இதற்குக் கம்பெனிக்காரனே ஒரு பரிகாரம் வைத்திருக்கிறான். சாவியைத் திருகி, வண்டி நின்றதும், ‘ஆன்’ நிலையிலேயே விட்டுவிட்டு 10 நிமிஷம் உட்கார வேண்டும். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தும். அணைத்துச் சில விநாடி விட்டு மறுபடி 10 நிமிஷம். அப்புறம் இன்னொரு 10 நிமிஷம். ஆக மொத்தம் அரை மணி நேரம். அதற்குள் வண்டி மனம் மாறி, சரி, இவன்தான் போலிருக்கிறது என்று புதுக் கணக்கை ஏற்றுக்கொள்ளும். அரை மணி நேரம் அசையாமல் உட்காரும் பொறுமை எந்தத் திருடனுக்கும் இராது என்பது இதன் தத்துவம். இதைக் கண்டுபிடித்தவனுக்குத் திருடர்களைத் தெரிந்திருக்கலாம். ஜனவரி மாதத்தைத் தெரியாது.

எஞ்சின் ஓடாததால் ஹீட்டர் கிடையாது. மூச்சுவிட்டால் உள்பக்கம் கண்ணாடியில் பனி பூக்கிறது. முதல் 10 நிமிஷம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதில், அந்த விளக்கோடு பேச ஆரம்பித்தேன்: கோவில்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார், இன்னார் மருமகன் என்று சொல்வார்கள் என்றேன். மூன்றாவதில் உங்கள் மகள் ஜன்னலைத் தட்டி, “உள்ளயே படுத்துக்கப் போறீங்களா, தலையணை கொண்டாரவா?” என்று கேட்டாள். கொண்டுவந்தது பிளாஸ்க்கில் காபிதான். இந்தப் பரிகாரம் பலித்தாலும், மறுநாள் காலையில் வண்டிக்கு மறுபடி சந்தேகம் முளைக்கும். ஆபீஸில் மற்றவர்கள் டிராஃபிக்கில் தாமதம் என்பார்கள். நான் என் காரின் நம்பிக்கையைப் பெறத் தாமதமாகிவிட்டது என்று எழுதி அனுப்பினேன். மேலதிகாரி அதற்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

ஒருநாள் ராத்திரி கடை பார்க்கிங்கில் இந்தத் தவத்தில் இருந்தபோது போலீஸ் வண்டி வந்தது. இருட்டில், நின்ற காரில், ஒரு மஞ்சள் விளக்கை வெறித்துக்கொண்டு குல்லா போட்ட ஒருத்தன். டார்ச் அடித்து, எல்லாம் சரிதானே என்று மரியாதையாகத்தான் கேட்டார். “கார் என்னைத் திருடன் என்று நினைக்கிறது, சார்” என்று ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். போலீஸ்காரரிடம் எந்த வாக்கியத்தை எங்கே ஆரம்பிக்கக் கூடாது என்பது எனக்கு அப்போது விளங்கியது. லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் வாங்கிப் பார்த்தார். திருப்பித் தந்துவிட்டு, பாக்கி நேரம் முடியும்வரை பக்கத்திலேயே தன் வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நல்ல மனுஷன். ஆனாலும் என் முதுகு வியர்த்தது, அந்தக் குளிரிலும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, மாமா. இங்கே வந்ததிலிருந்து என் வேலையே நான்தான் நான் என்று நிரூபிப்பது. லைசென்ஸ் வாங்கப் போனால் 6 பாயிண்ட் சேர்த்துக் காட்டச் சொல்கிறார்கள்: பாஸ்போர்ட்டுக்கு இத்தனை, சோஷியல் செக்யூரிட்டி கார்டுக்கு ஒன்று, பாங்க் காகிதத்துக்கு ஒன்று என்று. வாடகைக்கு வீடு கேட்டால், நீ கடன் வாங்கியிருக்கிறாயா என்கிறார்கள். இல்லை என்றால் அது தகுதிக்குறைவு. விசா புதுப்பிக்க வேண்டும், அதைப் பார்த்து லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் டீக்கடைக்காரர், “எப்ப வந்த? அம்மா மூட்டுவலி எப்படி?” என்பார், ஒரு பாயிண்ட்டும் கேட்டதில்லை. காசு கொடுத்து வாங்கிய கார் ஒன்றுதான் இந்த ஊரில் என்னை ஒன்றும் கேட்காமல் இருந்தது. இப்போது அதுவும் கேட்கிறது.

கடைசியில் வைத்தியம் பார்த்தது ஈக்வடார்க்காரர்தான். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்த ரகசியக் கணக்கு நடுவழியில் காணாமல் போனால், ஓட்டுகிறவனை ரோட்டில் தவிக்க விடக்கூடாது என்று கம்ப்யூட்டர் அதற்குமேல் சோதிப்பதையே விட்டுவிடுமாம். ஆகவே அரை மணித் தவம் முடிந்து, வண்டி ஓடி, விளக்கு அணைந்திருந்த நேரம் பார்த்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு அந்த மஞ்சள் ஒயரை நறுக்கினார். வண்டி நிற்கவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தது. அன்றிலிருந்து காலையில் ஒரே திருகல், உடனே கிளம்புகிறது. அந்த விளக்கு மட்டும் அணைவதே இல்லை. என்னைச் சொந்தக்காரன் என்று ஒப்புக்கொண்டுவிடவில்லை, ஆட்சேபணையைப் பதிவு செய்துகொண்டு ஓடுகிறது. கூலி வாங்க மாட்டேன் என்றார். உங்கள் மகள் ஒரு சம்புடம் நிறையப் பருப்புப்பொடி கொடுத்தாள். அவர் வீட்டில் அதை வறுத்த வாழைக்காய்மேல் தூவிச் சாப்பிடுகிறார்களாம்.

இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் என்னைக் கண்டால் இப்போது நிறுத்திவைத்து யோசனை கேட்கிறார்கள். எத்தனை விநாடியில் நிற்கிறது, இருமுகிறதா, விளக்கு சிமிட்டுகிறதா என்று நானும் நாடி பிடித்துக் கேட்கிறேன். மெக்கானிக் மாமாவின் மருமகன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன். பயப்பட ஒன்றுமில்லை. 2010-லிருந்து இங்கே சொந்தக் கார்களுக்குப் புகையைத்தான் சோதிக்கிறார்கள். ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்தால் ஃபெயில். ஓட்டுகிறவன் திருடன் என்று விளக்கு எரிந்தால் பாஸ்.

ஒரு வேண்டுகோள். கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டும்போது போலீஸ் வந்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். பஸ் பேச்சு மறுபடி கிளம்பும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்