வள்ளிக்குக் கல்யாணம் ஆகும்வரை

1986 பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு ஒரே மாட்டுவண்டியில் பதினோரு பேர் புறப்பட்டோம். கூடவே ஒரு குண்டான் புளிச்சோறு. புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை இருபது கிலோமீட்டர்கூட இல்லை, பஸ்ஸும் உண்டு. ஆனால் பஸ்ஸில் போனால் சாமி கும்பிட்டதும் திரும்பிவிட வேண்டியதுதான், இடம் பிடிக்க முடியாது. எங்கள் வீட்டில் பக்தியில் முக்கால்வாசி இடம் பிடிப்பது.

கூட்டத்தில் இடம் பிடித்துத் தங்கும் இதே காரியத்தை 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் செய்தார்கள். வுட்ஸ்டாக் இசைவிழா என்று பெயர். முதல் நாள் மேடையேறி ஆசி சொன்னவர் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சச்சிதானந்தா சுவாமி. மழை, சேறு, சோற்றுக்குத் திண்டாட்டம் எல்லாம் இருந்தது. அவர்கள் அதைப் புரட்சி என்றார்கள். எங்கள் அப்பத்தா வேண்டுதல் என்றாள்.

எங்கள் பயணத்துக்குத் தளபதி பெரியப்பா. நார்த்தாமலையில் சுற்றிலும் மலைகள். அதில் ஒன்றுக்குப் பெயரே ஆளுருட்டிமலை. "பேரைக் கேட்டுமாடா அந்தப் பக்கம் படுப்பாக?" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். கடைசியில் ஒரு புளியமரம் அகப்பட்டது. அடர்ந்த நிழல், ஒரு ஆள் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் இப்படி ஒரு இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கூடாரம் போட்டோம். அதாவது, நெல் மூட்டை மூடுகிற படுதாவை விரித்தோம். கம்பு ஊன்றலாமென்றால் தரை முழுக்கப் பாறை. கடப்பாறைதான் வளைந்தது. ஆகவே படுதாவின் இரண்டு முனை வண்டியில், ஒரு முனை மரத்தில். நாலாவது முனையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு மரம் பேசியது. "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்." நிமிர்ந்து பார்த்தால், இலைக்குள்ளே எங்கள் தலைக்கு நேராகக் குழாய் ஸ்பீக்கர்! அதற்குப் பிறகு அது ஓயவில்லை. "வெள்ளை வேட்டி கட்டிய பெரியவரைக் காணவில்லை" என்று அறிவித்தார்கள். திருவிழாவில் பாதிப் பேருக்கு அந்த அடையாளம்தான். வேறு இடம் போகலாமென்று அத்தை சொன்னதற்குப் பெரியப்பா, "பிடிச்ச இடத்தை விடுறதா?" என்றார்.

காது தப்பட்டும் என்று நாங்கள் சிறுவர்கள் மேலமலைக்கு ஓடினோம். அங்கே விசயாலய சோழீசுவரம் இருக்கிறது. இளங்கோவதியரையர் கட்டிய கோயில் மழையில் இடிந்து, மல்லன் விடுமன் திருப்பிக் கட்டினார் என்று கல்வெட்டே சொல்கிறது. கட்டியவர் ஒருவர், பழுது பார்த்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு! ஒப்பந்தப் பணியில் நாம் அன்றைக்கே தேறிவிட்டோம். கற்கோயிலையே சாய்த்த மழை நார்த்தாமலை மழை என்று இறங்கி வந்து யாராவது பெரியப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர், "பங்குனியில எந்த ஊர்ல மழை?" என்று துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

மாமா ஒரு தாளப் பைத்தியம். உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவைக் கச்சேரி மேடையேற்றிய மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர் என்பதால், தாளம் தனக்கும் பிறப்புரிமை என்று புளிச்சோற்றுக் குண்டானைத் தட்டிக்கொண்டே இருப்பார். அப்பத்தா அகப்பையால் பதில் தாளம் போட்டாள், அவர் முட்டியில்.

ராத்திரி பத்து மணிக்கு வள்ளி திருமணம் நாடகம். முதலில் பபூன் வந்து ஊரையே சிரிக்க வைத்துவிட்டுப் போக மறுத்தார். நாரதர் வரவே நள்ளிரவு தாண்டியது. வேடனாக வந்த முருகன் தினைப்புனத்தில் வள்ளியோடு தர்க்கம் தொடங்கியபோது மணி மூன்று. நாடகம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மான்பூண்டியா பிள்ளையிடம் தாள நுணுக்கம் கற்றவர் என்பார்கள். அதனால் வாய்ச்சண்டை எவ்வளவு நீண்டாலும் தாளம் தப்பவில்லை. எங்களுக்குத்தான் தூக்கம் தப்பியது.

ஆர்மோனியம் உச்சத்துக்குப் போன நேரத்தில் கோடைமழை கொட்டியது. படுதா தண்ணீரைச் சேர்த்துக் குளமாகித் தொங்கியது. நாலாவது முனை தூங்கிப்போயிருந்தது. மொத்தக் குளமும் பெரியப்பா மேல் இறங்கியது. புளிச்சோறு ரசமாயிற்று. பதினோரு பேரும் வண்டிக்கடியில் புகுந்தோம். மாடுகள் எங்களை அருவருப்போடு பார்த்தன.

மழை விட்டதும் தர்க்கம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வள்ளி கழுத்தில் மாலை விழும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. எங்களில் ஒருவர்கூட மேடையைக் கண்ணால் பார்க்கவில்லை. பெரியப்பா மட்டும் வேட்டியைப் பிழிந்தபடி புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல எடம்டா. ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. இன்னைக்கும் இங்கதான்."