கிழமை எழுதித் தருகிறவர்

கே: டாக்டர் எழுதிய மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுக்க மெடிக்கல் ஷாப்பில் படித்த மருந்தாளுநர் எதற்கு?
- ஒரு வாசகி, ஆரப்பாளையம்

ப: கத்தரிக்க மட்டும் என்றால் கத்தரிக்கோலே போதும்! ஆனால் அங்கே வருகிற சீட்டுகளைப் பாருங்கள். மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள்தான். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து. "எந்தக் கிழமை போடுறீங்கம்மா?" என்று கேட்டு, அந்தக் கிழமையை மருந்துக் கவரில் கொட்டை எழுத்தில் எழுதித் தருகிறவர் மருந்தாளுநர். தைராய்டு மாத்திரையை ஒரு டாக்டர் எழுதுவார், கால்சியத்தை இன்னொருவர். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும். இரண்டு சீட்டும் சேர்ந்து விரிவது அவர் மேஜையில்தான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோவை வண்டி எடுக்கப்போகிற டிரைவர் ஜலதோஷ மாத்திரை கேட்டால், தூக்கம் வரவைக்கும் மருந்தா என்று பார்த்தாக வேண்டும். பின்னால் ஒரு வண்டி ஜனம் உட்கார்ந்திருக்கிறதே!

பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு. சான்றிதழ் சுவரில், ஆள் வேறெங்கோ என்றிருக்கும் கடைகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கண்ணாடிச் சட்டம் வாய் திறந்து எச்சரிக்காது. அப்படி எச்சரிக்கத் தெரிந்தவர்களை உருவாக்க நம் மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே மருந்தியல் படிப்பு இருக்கிறது. அடுத்த முறை மெடிக்கல் ஷாப்புக்குப் போகும்போது, ஏற்கெனவே போடுகிற மாத்திரைகளையும் மருந்தாளுநரிடம் சொல்லுங்கள். சில்லறை கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்கிற கடை கிடைத்தால், விடாதீர்கள்!